ஒருத்தி நின்றால் எல்லாரும்

நான் நடன ஆசிரியை. கடலில் பாசி எடுக்கும் பெண்கள் பன்னிரண்டு பேருக்குக் குழு நடனம் சொல்லித்தர மாரியூர் போயிருந்தேன். விதி ஒன்றுதான்: இஷ்டம்போல் ஆடலாம், ஆனால் ஒருத்தி நின்றால் எல்லாரும் நின்றுவிட வேண்டும். இது இவர்களுக்குப் பிடிபட ஒரு வாரமாவது ஆகும் என்று மனதுக்குள் எனக்கு ஓர் இளக்காரம்.

மணலில் ஆடத் தொடங்கினோம். நான் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். திறந்தபோது பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ராக்கம்மாள் அக்கா காலில் முள் குத்தி உட்கார, மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்களாம். ஆடிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

“இம்புட்டு நேரமாச் சுத்துறீகளே டீச்சர், தலை கிறங்கலையா?” என்றார் அக்கா. ஒரே சிரிப்பு. எனக்கு வெட்கமாகிவிட்டது.

“எப்படிக்கா எல்லாரும் ஒண்ணா உக்காந்தீங்க?”

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்: “கடலுக்குள்ள, பக்கத்துல முங்குனவ எந்திரிச்சாளான்னு பாத்துக்கிட்டேதான் பாசி எடுப்போம். அந்தப் பழக்கந்தான்.”

மறுபடி ஆடினோம். இம்முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். நடுவில் எனக்கு மூச்சு வாங்கியது. யாரிடமும் சொல்லாமல் நின்றேன். திரும்பிப் பார்த்தால், பன்னிரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் என் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்தவர்கள் இவர்கள்தான்.