தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி

விடுதித் தோழிகளே, படித்துவிட்டு அடுத்தவளுக்கு அனுப்புங்கள்.

இன்று டெலிபோன் ஆபீசில் வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சை. என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போனபின் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தேன்.

பரீட்சை வைத்த துரைசாணி மரத்தடுப்புக்குப் பின்னால் நின்று, முகம் காட்டாமல், போனில் பேசுகிற மாதிரி சரசரவென்று பேசினார். உடனுக்குடன் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும்.

டாக்டர் நம்பரைக் கேட்டார், ரயில் நேரத்தைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டேன்.

கடைசியாகக் குரலைத் தணித்து, "காலையில் சாப்பிட்டாயா?" என்றார்.

ஆறு மாதமாக எல்லோரும் குழந்தை சாப்பிட்டதா என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்ட முதல் ஆள் இவர்தான்; தடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"இவளுக்குப் பேச்சு புரியவில்லை" என்று குமாஸ்தாவிடம் அவர் சொன்னார். அதுவும் எனக்குப் புரிந்தது.

வெளியே, குழந்தையை வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, கடைசிக் கேள்வியில் தவறிவிட்டேன் என்றதும் விசாரித்தாள்.

"கடைசியா என்னத்தக் கேட்டுச்சு?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க, அக்கா."

"அதுக்கா முழிச்ச? அம்புட்டுப் படிச்சு என்ன பிரயோசனம்?"

குழந்தையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். உங்களில் யாராவது சொல்லியிருப்பீர்களா? எழுதுங்கள்.