கை நடுங்காத கதாநாயகன்

“…முந்நூறு பக்கத்துல ஒருதடவகூட அவனுக்குக் கை நடுங்கலியேலே!” என்று நாவலை மூடினான் நண்பன். நான்தான் படிக்கக் கொடுத்திருந்தேன். சந்தையில் குண்டு வெடித்துத் தம்பியைப் பறிகொடுக்கும் போலீஸ்காரன் கதை. “அம்ம அழுதா, பொண்டாட்டி அழுதா. இவன் மட்டும் துப்பாக்கி தொடைக்கான்.”

நண்பன் கப்பல்காரன். போன வருடம் அயல்நாட்டுத் துறைமுகச் சந்தையில் அப்படியொரு வெடிப்பில் தப்பியவன். பக்கத்தில் நின்று மகளுக்குச் சட்டை பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி திரும்பவில்லை. கதையில் ஒருவன் மீண்டு வருவதைப் படித்தால் இவனுக்கும் தெம்பு வரும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் தாண்டாத நான் கிடைத்ததையெல்லாம் படிப்பவன். எண்ணிப் பார்த்தால், இந்தமாதிரிக் கதைகளில் குண்டு வைப்பவனும் ஆம்பளை என்று காட்டத்தான் வைக்கிறான். துரத்துகிறவனும் அதற்குத்தான் துரத்துகிறான். காதில் இரைச்சலோடு வீட்டில் கிடப்பவனுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

அதைவிடப் பெரிய தப்பும் செய்திருந்தேன். எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போது, கப்பலிலிருந்து ஊர் வந்திருக்கும் ஆள்தான் முதல் வெடியைப் பற்றவைப்பது வழக்கம். கமிட்டியில் இவன் பேரைச் சொன்னதே நான்தான். “குண்டுக்கே தப்புனவம்லா!” என்று பெருமை வேறு.

நேற்று அவன் மனைவி வாசலில் வந்து நின்றாள். “குக்கர் விசிலடிச்சாலே கட்டிலுக்கடியில போயிருதாவ, அண்ணே. நான் சொன்னேன்னு சொல்லிராதீய. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்ங்காவ.”

கேட்டும் நான் கமிட்டிக்குப் போகவில்லை. கொடுத்த பேரை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது? அதுவும் ஆம்பளைக் கூச்சம்தான்.

இன்று கோயில் மதிலோரம் என்னோடு உட்கார்ந்துதான் அவன் நாவலை மூடி அப்படிச் சொன்னான். காற்று அடியோடு நின்றிருந்தது. துறைமுகத்தில் எங்கோ கண்டெய்னர் இறங்கிய சத்தத்துக்கு அவன் தோள் துள்ளியது. புத்தகத்தை ஏன் இரண்டு கையாலும் அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

கமிட்டிக்காரர் புகையும் ஊதுவத்தியோடு வந்தார். “என்னவே மாப்பிள, புதுப்பொண்ணு மாதிரி ஒளிஞ்சிருக்கீரு? கொடி ஏறப்போவுது, வாரும்!”

‘அவனால முடியாது, விட்ருங்க’ என்று நான் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் பேசுகிற நான், கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் புத்தகத்தை என் மடியில் வைத்தான். ஊதுவத்தியை வாங்கினான். காற்றே இல்லாமல் அதன் நெருப்பு ஆடியது. கமிட்டிக்காரரின் சிரிப்பு நின்றது. மற்றக் கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் வெடியை நோக்கி நடந்தான்.