பாம்புச் செவி

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

அறையின் மறுகோடியிலிருந்து டாக்டர் கேட்டார்.

"சாவி மேசை மேல இருக்குன்னு சொன்னீங்க!"

பதிலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதில் சொன்னவரின் தொடையைப் பக்கத்திலிருந்த மனைவி கிள்ளினாள். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

தகரத்தை அடித்து டப்பா மூடி செய்யும் பிரஸ்ஸில் அவருக்கு வேலை. தொழிற்சாலையில் அவர் பெயர் இடி. அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை பேசுவார்கள், சூப்பர்வைசரைத் திட்டுவார்கள். ஷிஃப்ட் முடிந்தாலும் தலைக்குள் பிரஸ் ஓடும். வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால் சண்டைக்கு இழுப்பது போலிருக்கும். கைக்குழந்தைக்குத் தூக்கிவாரிப்போடும். மனைவி கண்ணயர்ந்து மாதக்கணக்காகிறது.

காது மந்தம் என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தால் பேக்கிங்குக்கு மாற்றுவார்கள். அங்கே அட்டைப்பெட்டி மடிக்கும் சத்தம்தான். மாற்றம் கிடைக்காவிட்டால் குழந்தையோடு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

காதைச் சோதிக்கும் கருவி பழுது. டாக்டர் எதிரே நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார். கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. இடி ஒன்றையும் விடவில்லை. டாக்டர் சலித்துப்போய் நர்ஸிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"டீ ஆறிப்போகுதுன்னா போய்க் குடிங்க டாக்டர்! நாங்க இருக்கோம்!"

"என்னய்யா, பாம்புச் செவியா உனக்கு?"

"அவர் உங்க வாயைப் பார்த்துச் சொல்றாரு டாக்டர். இப்பப் பாருங்க."

அவள் எழுந்து கணவனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏங்க!"

இடி சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களைத்தான்!"

ம்ஹூம்.

"இது காதுக் கோளாறு இல்லம்மா" என்றார் டாக்டர். "கல்யாணமான ஆம்பளைங்க எல்லாருக்கும் இருக்கறதுதான். என் வீட்டுல வந்து கேளுங்க."

நர்ஸ் சிரித்தாள். செவித்திறன் மிக நன்று என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் அவள் கேட்டாள்: "ஒரு தடவையாவது 'என்ன?'ன்னு கேட்டிருக்கக் கூடாதா?"

"தெரிஞ்சதைத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது!"

தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் இடி வேலைக்குப் போனார். அதே பிரஸ். செவித்திறன் மிக நன்று என்றதற்குப் பக்கத்து மெஷின்காரர்கள் உதடசைத்து வாழ்த்தினார்கள். மாலையில் வீடு திரும்பினார். மனைவி கதவருகே நின்று, குரலே இல்லாமல் வாயசைத்தாள்: குழந்தை தூங்குது. அவரும் குரலில்லாமல் வாயசைத்தார். அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் அசைத்தார். அப்போதும் புரியவில்லை.

"பசிக்குதுன்னு சொன்னேன்!"

குழந்தை எழுந்து அழுதது. அவள் சோறு போட்டு வைத்தாள். பையில் துணிகளை எடுத்து வைத்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்று ஏதோ சொன்னாள். தெருவைப் பார்த்து நின்றதால் உதடு தெரியவில்லை.

அவர் சரி என்றார்.