காத்தாயி பாடிய ஒரே கேசட்

காத்தாயிக்கு மேடையில் ஜெயலட்சுமி என்று பெயர். அழகேசன் வைத்தது. "காத்தாயின்னு மைக்ல சொன்னா களை வெட்டத்தான் கூப்புடுவாங்க" என்றான். அவள் களை வெட்டுகிறவள்தான். அரியலூருக்கு மேற்கே கடலைக் கொல்லைகளில் பகலெல்லாம் குனிந்து கிடப்பாள். திருவிழாவோ கல்யாணமோ வந்தால் நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு, முதுகு வலியோடு, காதல் பாட்டுப் பாடுவாள். புருஷன் கல்யாணமான இரண்டாம் வருஷம் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டான். பிள்ளை இல்லை. காலனியில் ஒரு கூரை வீடு. தம்பி அரியமுத்து அவளோடு இருந்தான்.

அழகேசன் மைக் செட்காரன். கூடவே இன்னிசைக் குழு ஒன்றும் நடத்தினான். காத்தாயியை அவன் முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். வாசலில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன், உள்ளே அழுகிற குரல்களில் ஒன்று மட்டும் தனியாகக் கேட்க, அப்படியே நின்றுவிட்டான். கருமாதி வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. மறுநாளே காலனிக்கு வந்து குழுவில் சேரச் சொன்னான்.

அரியமுத்து செத்தது எண்பத்திரண்டு ஆவணியில். பாலசுந்தரம் கான்ட்ராக்ட் எடுத்திருந்த சுண்ணாம்புக்கல் குவாரியில் அவனுக்கு வெடிக்குழி போடுகிற வேலை. மத்தியானம் சிவப்புக் கொடி கட்டி, விசில் ஊதி, எல்லாரையும் விரட்டிவிட்டு வெடி வைப்பார்கள். குழிகளில் ஒன்று வெடிக்காமல் போனால் அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. அன்று ஒரு குழி வெடிக்கவில்லை. லாரிகள் கல்லுக்குக் காத்து நின்றன. பாலசுந்தரம் கொடியை இறக்கச் சொன்னார். அரியமுத்துவின் கையில் கடப்பாரையைக் கொடுத்து, "போடா, போய்க் கிளறு" என்றார். கூட இருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். போலீஸ் வந்தபோது ஒருவர் காதிலும் எதுவும் விழுந்திருக்கவில்லை. குடித்துவிட்டு உள்ளே போய் மாட்டிக்கொண்டான் என்று பாலசுந்தரம் சொன்னார். அதுவே ஊர்ப் பேச்சானது.

அரியமுத்து குடிப்பான். அன்றைக்குக் குடிக்கவில்லை.

கொல்லையில் ஒருத்தி, இரக்கத்தோடுதான், "பாவம், குடி கெடுத்துடுச்சு" என்றாள். காத்தாயி களைக்கொட்டை அவள் காலடியில் எறிந்தாள். அந்தக் கொல்லையில் பிறகு அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

தம்பிக்கென்று கட்டிய ஒப்பாரியை அவள் மனசுக்குள் வைத்திருந்தாள். கேசட்டாகப் போடலாம் என்றவன் செல்லமுத்து. குழுவில் பாங்கோஸ் வாசிப்பவன், மற்ற நாளில் ரேடியோ ரிப்பேர். அரியமுத்துவின் கூட்டாளி. அடுத்தவன் பாட்டையே வாசித்து வாசித்துக் கை மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருப்பவன்.

"ஆர்மோனியம் வேணாங்க்கா. தபேலா வேணாம். குவாரியில என்னென்ன சத்தம் இருக்கோ அதையே வாத்தியமா வெச்சுக்குவோம். அதுக்கு நடுவுல நீ அழு."

"அழுவ மாட்டேன். சொல்லுவேன்."

"சரி, சொல்லு."

மார்கழியில் கல்யாணம் கிடையாது, குழு சும்மா இருந்தது. அழகேசன் டேப் ரெக்கார்டரைத் தரச் சம்மதித்தான். ஆனால் தன் கொட்டகையில் பாடக் கூடாது என்றான். "சாவு இல்லாத எடத்துல ஒப்பாரி வெச்சா சாவு வந்து சேரும். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு." மற்றவர்கள் வீட்டிலும் அதே பதில்தான். கடைசியில் கல் தீர்ந்து கைவிட்ட ஒரு பழைய பள்ளத்துக்குப் போனார்கள். அடியில் பச்சைத் தண்ணீர் கிடந்தது. மூன்று பக்கமும் வெள்ளைச் சுவர். ஒரு சொல் சொன்னால் திரும்பி வந்தது.

செல்லமுத்து தேய்ந்த துளைக்கம்பிகளை நீளவாரியாக மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டு, சுத்தியலால் தட்டினான். சல்லடையில் ஜல்லி போட்டு ஆட்டினான். சிமெண்ட் ஆலையின் சங்குச் சத்தத்தை நடுரோட்டில் நின்று பிடித்துவந்தான். ஓடுகிற குவாரியின் மத்தியான வெடியைப் பிடிக்கப் போனபோது மைக் பழுதாகி, அதை அவனே சரிசெய்து, மறுபடி போனான். லாரி பேட்டரியில்தான் எல்லாம் ஓடியது. காத்தாயி தண்ணீர் ஓரம் நின்று, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

வெடிக்காத குழியிருக்க வெவரமெல்லாம் தெரிஞ்சிருக்க
கடப்பாரை கையில் தந்து காலனுக்கு அனுப்புனவன்
பாலசுந்தரம் பேரச் சொல்லி பச்சமண்ணு கேக்குதடா
அரியமுத்து எந்தம்பி ஆருக்கு நீ பலியான

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பெயர்களும் வரும். அவள் அப்படித்தான் கட்டியிருந்தாள். சொல்லி முடித்ததும் சுவர் அரியமுத்துவின் பெயரைத் திருப்பிச் சொன்னது. செல்லமுத்து டேப்பை நிறுத்தாமல் அதையும் பிடித்தான்.

"இந்த மாதிரி எவனும் போட்டதில்லக்கா" என்றான்.

"கேசட்டுக்கு என்ன பேரு?"

"நீயே வையி."

"அரியமுத்து" என்றாள்.

நகல் எடுக்கிற வேலை பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில். அழகேசனும் செல்லமுத்துவும் போனார்கள். காத்தாயிக்கு அன்று கரும்பு வெட்டு.

கேசட் தை கடைசியில் வந்தது. சாமிப் பாட்டு விற்கிற கடைகள் ஒப்பாரியைப் பக்கத்தில் வைக்க மாட்டோம் என்றன. சிறுவாச்சூர்க் கோயில் கடைக்காரர் ஒருவர் கையால் தொடக்கூட இல்லை. ஆனால் மைக் செட்காரர்கள் வாங்கினார்கள். வேப்பூர், குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் வரைக்கும் வாங்கினார்கள். எந்தச் சாவு வீட்டிலும் அதைப் போடலாம் என்றார்கள். காத்தாயியிடம் டேப் ரெக்கார்டர் இல்லை. கேசட் நன்றாகப் போகிறது என்று மட்டும் கேள்விப்பட்டாள். அவளுக்கு அந்தச் சந்தோஷமே போதுமாக இருந்தது.

மாசியில் ஒருநாள் கொத்தமல்லிக் கொல்லையில் வேலை. பக்கத்து ஊரில் ஒரு சாவு. புளியமரத்தில் கட்டிய குழாயிலிருந்து அவள் குரல் வந்தது. வேலை செய்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"ஏ, காத்தாயி, நீதானடி?"

அவள் தலையாட்டினாள். கடப்பாரை வந்தது. காலனுக்கு அனுப்பியது வந்தது. பாலசுந்தரம் வரவேண்டிய இடத்தில் ஆலைச் சங்கு ஊதியது. நீளமாக ஊதி அடங்கியபோது பச்சைமண் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்து அரியமுத்து வரவேண்டும். மறுபடி சங்கு. அது ஓய்ந்ததும் "எந்தம்பி" என்று மட்டும் மிச்சம் வந்தது.

"அந்தச் சங்கு ஊதுற எடம் இருக்கே, ஒடம்பெல்லாம் சிலுத்துக்குது" என்றாள் ஒருத்தி.

காத்தாயி கொல்லையை விட்டு நேராக அரியலூருக்கு நடந்தாள்.

அழகேசன் கொட்டகையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். செல்லமுத்து சாலிடர் வைத்துக்கொண்டிருந்தான். மேசையில் கேசட்டுகள். அட்டையில் ஒரு குத்துவிளக்கு, அழகேசனின் போட்டோ, 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்பு, கீழே 'பாடியவர்: ஜெயலட்சுமி'.

"பேரெல்லாம் எங்க?" என்றாள்.

"உக்காரு. மோர் குடிக்கிறியா?"

"பேரெல்லாம் எங்கண்ணே?"

"சொல்றதக் கேளு. ஊரான் வூட்டுச் சாவுல ஒன் தம்பி பேரு எதுக்கு? செத்தது ஒருத்தன், பேரு ஒருத்தனோடதா? எவன் போடுவான்? பேர எடுத்ததாலதான் இத்தன ஊருக்குப் போயிருக்கு. சாதி பாக்காம எல்லாத் தெருவுலயும் பாடுது."

"பாலசுந்தரம் பேரும் ஊரான் வூட்டுக்காகத்தான் எடுத்தியா?"

அழகேசன் நாற்காலியைக் கீழே வைத்தான். "என்ன, நீ வா போங்கற?"

"ஆமா. நீதான். சாவு வூட்டுல பொம்பளைங்க யாரு பேரச் சொல்லி அழுவுறாங்கன்னு ஒனக்குத் தெரியுமா? வட்டமா உக்காந்தா அவளவளும் அவ வூட்டுல செத்தவனச் சொல்லித்தான் அழுவா. புருஷன் செத்த வூட்டுக்குப் போயி புள்ளையச் சொல்லி அழுவா. எவளும் எவளையும் ஏன்னு கேட்டதில்ல. எத்தன வருஷமா சாவுக்குப் போற. வாசல்லயே நின்னுட்டு ஒயரப் புடிச்சிக்கிட்டு வந்திருக்க."

"காத்தாயி, அவரு கம்பெனி பூசைக்கெல்லாம் நம்ம செட்டுதான் போவுது. நாலு பேரு பொழப்பு."

"ஒன் வாய்க்கு நீ சங்கு வெச்சுக்க. என் வாய்க்கு ஏன் வெச்ச?"

அவள் செல்லமுத்துவிடம் திரும்பினாள். "சங்க நீதானடா புடிச்ச?"

"ஆமாங்க்கா."

"அங்க கொண்டுபோயி வெச்சது?"

சாலிடர் புகைந்தது. "நான்தான்" என்றான். "அண்ணன் சொல்லுச்சு. கேக்குறதுக்கும் நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"சத்தத்தச் சொன்னேன்க்கா."

அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"மொதல்ல புடிச்ச டேப்பக் குடு."

"அதுலதாங்க்கா சங்கப் பதிஞ்சோம். வேற இல்ல."

அவள் மேசையிலிருந்த கேசட்டுகளைக் கீழே தள்ளி ஏறி மிதித்தாள். அழகேசன் தடுக்க வரவில்லை. ஊர் ஊராகப் போய்விட்டதை மிதிக்க முடியாது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். குழுவை விட்டாள். அவர்கள் மணப்பாறையிலிருந்து வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் ஜெயலட்சுமி என்றே பெயர் வைத்தார்கள்.

பாட்டு நிற்கவில்லை. எங்கே வேலைக்குப் போனாலும் ஏதோ ஒரு திக்கிலிருந்து அது வந்தது. ஜனங்கள் அவளைப் பாராட்டினார்கள். எங்க அப்பாவுக்கு உன் பாட்டுதான் போட்டோம் என்றார்கள். அவள் தம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களும் குடித்துச் செத்தவன்தானே என்றார்கள்.

எண்பத்தைந்து வைகாசியில் பாலசுந்தரத்தின் லாரி டிரைவர் ஒருவர் மஞ்சள் காமாலையில் செத்தார். அவர் மனைவி கொளஞ்சியம்மாளைக் காத்தாயிக்கு நடவு வேலையில் பழக்கம். காலனியிலிருந்து பெண்கள் கூட்டமாகப் போனார்கள். பந்தலுக்குள் நுழையும்போதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பிளைகள் நாற்காலிகளில். முன்வரிசையில், மாலை போட்டுவிட்டு வந்து, பாலசுந்தரம். அழகேசன் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில்.

மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். காத்தாயி ஆம்ப்ளிஃபயரிடம் போய்க் குமிழைத் திருகினாள். பாட்டு நின்றது.

"ஏய், என்ன பண்ற?"

"நேர்ல வந்திருக்கேன். கேசட்டு எதுக்கு?"

உள்ளே போய் வட்டத்தில் உட்கார்ந்தாள். கொளஞ்சியம்மாளின் தோளில் கை போட்டாள். கடப்பாரையிலிருந்து தொடங்கினாள். மைக் இல்லாமலே வாசல் வரைக்கும் கேட்கிற குரல். பாலசுந்தரம் வந்தது. முழுசாக, ஓர் எழுத்தும் குறையாத மாதிரி நிறுத்திச் சொன்னாள். பந்தலில் பீடி இழுத்தவர்கள் இழுப்பதை நிறுத்தினார்கள். அரியமுத்து வந்தது.

பாலசுந்தரத்தோடு வந்த ஒருவன் வாசற்படியில் வந்து நின்றான். "இந்தாம்மா, செத்தது யாரு, நீ யார வெச்சு அழுவுற? நிறுத்து."

கொளஞ்சியம்மாள் தலை நிமிர்ந்தாள். கண் வீங்கியிருந்தது. "என் வூட்டுச் சாவுய்யா. அழுவ வந்தவள நிறுத்துறதுக்கு நீ யாரு?"

"மொதலாளி உக்காந்திருக்காருல்ல."

"உக்காரட்டும். நான் எந்திரிக்கச் சொன்னேனா?"

அவன் போய்விட்டான். அழகேசன் குமிழில் கை வைத்தான். கேசட்டைப் போடு என்பதுபோல் பாலசுந்தரம் அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அவன் கை திரும்பவில்லை. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பாலசுந்தரம் எழுந்து போகலாம். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆனால் இப்போது எழுந்தால் ஏன் எழுந்தார் என்று பந்தலுக்கே தெரியும். அவர் உட்கார்ந்திருந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

உள்ளே பெண்கள் பாட்டின் அடியைப் பிடித்துக்கொண்டார்கள். அரியமுத்துவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அரியமுத்து எந்தம்பி என்றார்கள். ஒரு சுற்று முடிந்தது. காத்தாயி மூச்சு வாங்கினாள். பிணம் எடுக்க மகன் சென்னையிலிருந்து வரவேண்டும். பொழுது சாயும் என்றார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை பாலசுந்தரத்தின் அப்பன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.