டொகர் பாங்க் சண்டையும் ரெண்டு தேங்காயும்

மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியச் சடங்குக்கு முதல்நாள், ஹவுகன்ஸ்டுவா எண்ட இந்தக் குளிர் ஊரிலை எங்கடை வீடு நிரம்பி வழிஞ்சுது. லண்டனிலை இருந்து அண்ணை வந்திருந்தார். ஹொலண்டிலை இருந்து தம்பி. ரெண்டு பேரும் முகம் குடுத்துக் கதைச்சுப் பல வருசம். தம்பி தன்ரை கலியாணத்திலை படம் எடுக்கேக்கை அண்ணையை மேடைக்குக் கூப்பிட மறந்திட்டான். அவ்வளவுதான் சண்டை! அதுக்கு மேலை ஒரு மண்ணும் இல்லை.

தாய்மாமன் தேங்காய் உடைச்சாத்தான் சடங்கு தொடங்கும். அண்ணை உடைச்சால் மண்டபத்துக்கே வரமாட்டன் எண்டான் தம்பி. தம்பி உடைச்சால் அண்ணை அடுத்த பிளேனிலை ஏறிடுவார். ரெண்டு பேரும் என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை நிக்கவேணும், எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.

ஹோலுக்கை அவர் டிவியைப் பாக்கிறார், இவன் ஜன்னலைப் பாக்கிறான். "அவருக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள் அக்கா." "வேண்டாமெண்டு சொல்லு." நான் என்ன தபால்காரியோ?

அந்த நேரம் பாத்து மகள் வந்தாள். ஸ்கூலிலை வடகடலைப் பற்றிக் கதைச்சுக் காட்டவேணுமாம். இங்கிலீசுக்காரரும் டச்சுக்காரரும் பதினெட்டாம் நூற்றாண்டிலை டொகர் பாங்க் எண்ட வடகடல் திட்டிலை பிடிச்ச கடல் சண்டையை எடுத்திருக்கிறாளாம். உங்கடை நாட்டிலை இதைப் பற்றி என்ன சொல்லுகினம் எண்டு ரெண்டு மாமாமாரையும் முதலே போனிலை கேட்டும் வைச்சிருக்கிறாள், கள்ளி. நான் பொரிச்சு வைச்ச ரோல்ஸை மேசையிலை வரிசையாய் அடுக்கினாள். அது இங்கிலீஸ் கப்பல். எதிரை வடை, டச்சுக் கப்பல்.

"நேருக்கு நேர் நிண்டு அடிபட்டவை. ஆரும் ஆற்றை கப்பலையும் பிடிக்கேல்லை" எண்டாள்.

"ஆனா வெண்டது நாங்கள்" எண்டார் அண்ணை. "ஒரு டச்சுக் கப்பல் கடலுக்கை தாண்டு போச்சுதெல்லே." ஒரு வடையை எடுத்து வாயிலை போட்டார்.

தம்பி துள்ளி எழும்பினான். "நாங்கள் எங்கை தோத்தனாங்கள்? உங்கடை கப்பலெல்லாம் உடைஞ்சு, துரத்தக்கூட ஏலாமல் நிண்டவை!" ஒரு ரோல்ஸ் போச்சு.

"டேய், உங்கடை சரக்குக் கப்பலெல்லாம் திரும்பி வீட்டை ஓடினது!"

"அண்ணை, சும்மா அலட்டாதேங்கோ!"

டேய் எண்டிட்டார். அண்ணை எண்டிட்டான். என்ரை காதை என்னாலையே நம்பேலாமல் கிடந்தது. நாங்களாம், உங்கடையாம்! ரெண்டும் திருகோணமலையிலை பிறந்ததுகள். அங்கை எங்கடை கோட்டையை மாறி மாறிப் பிடிச்ச இந்த ரெண்டு நாட்டுக்காரருக்காக என்ரை வீட்டு மேசையிலை அடிபடுதுகள். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நொந்தது.

"ரெண்டு நாட்டிலையும் தாங்கள்தான் வெண்டதெண்டு கொண்டாடினவை" எண்டாள் மகள். மேசையிலை ஒரு கப்பலும் மிஞ்சேல்லை. நான் திரும்பவும் எண்ணெய்ச் சட்டியை வைச்சன்.

அடுத்தநாள் மண்டபத்திலை அண்ணை மேடையிலை தேங்காயோடை நிண்டார். உடைக்கேல்லை. தம்பி கீழை, கதிரையிலை குனிஞ்சுகொண்டு இருந்தான்.

"டேய் டச்சுக்காரா" எண்டு அண்ணை சத்தமாய்க் கூப்பிட்டார். "மேடைக்கு வா. நான் மறக்கமாட்டன்."

தம்பி ஓடிப்போய் இன்னொரு தேங்காயைத் தூக்கினான்.

ஆர் முதல் உடைச்சதெண்டு கேட்டால் இண்டைக்கும் ரெண்டு பேரும் தான்தான் எண்டுதான் சொல்லுகினம். சாட்சிக்கு என்னைக் கூப்பிடுகினம். நான் எங்கை பாத்தனான்? என்ரை கண் முழுக்கத் தண்ணி.