மகளை இறக்கிவிடாத மெக்கானிக்

லாரி மெக்கானிக்குக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அடுத்தவர் முடுக்கிய நட்டைக்கூடத் தானே ஒருமுறை முடுக்கிப் பார்ப்பார். குறைமாதத்தில் பிறந்த மகளை ஆராய்ச்சியில் சேர்க்கலாமா என்று டாக்டரம்மா கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது.

"சோதனை பண்ண எம்பொண்ணுதான் கெடைச்சாளா?"

"மருந்து, ஊசி எதுவும் இல்லைங்க. நீங்க சட்டையைக் கழட்டிட்டு பாப்பாவை நெஞ்சோட அணைச்சு வச்சுக்கணும். எடை சீக்கிரம் ஏறுதான்னு பாக்குறோம்."

இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றே நினைத்தார். ஆனாலும் தன் நெஞ்சில் இருக்கும்வரை வேறு யாரும் குழந்தையைத் தொட முடியாது என்று கணக்குப் போட்டுச் சம்மதித்தார். நர்ஸ் குழந்தையை வாங்க வந்தபோதெல்லாம் முறைத்தார்.

மகள் தேறி வீட்டுக்குக் கிளம்பியபோது, "உங்க அளவுக்கு யாருமே பாப்பாவை நெஞ்சுல வச்சுக்கல" என்று டாக்டரம்மா பாராட்டினார்.

"எதுக்கு இப்படி ஐஸ் வைக்கிறாங்க?" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்துவிட்டு, மெக்கானிக் வேகமாக நடையைக் கட்டினார்.