அலுமாரிக்கு மேலே கிடந்த மெழுகுதிரி

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு மெழுகுதிரி கிடந்தது. ஆள் உயரத் திரி. மாமாவை நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து குதிக்கால் வரை நூல் பிடித்து அளந்து, அதே நீளத்தில் அம்மா சொல்லிச் செய்வித்தது. அலுமாரி அவ்வளவு அகலமில்லை. இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மன்னார் வெயிலுக்கு அவை மெல்லத் தொங்கிப்போகும். திருப்பிப் போட்டால் சில நாளில் நேராகும், பிறகு மறுபக்கம் தொங்கும். சண்டை முடிந்து மடு மாதா கோயிலுக்குப் பாதை திறந்த வருசம் வந்த திரி அது. எனக்கு அப்போது பத்து வயது. நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அது அங்கேயேதான் கிடந்தது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கடல் தொழில். கலியாணம் வேண்டாம் என்றுவிட்டு, ஓலைத்தொடுவாயைச் சேர்ந்த ஒருவரோடு ஒரே படகு, ஒரே வீடு, ஒரே அடுப்பு என்று இருந்தார். அம்மா அவரைத் தம்பியின் கூட்டாளி என்பார். அதனால் எங்களுக்கும் அவர் மாமாவின் கூட்டாளிதான். மடு மாதாவிடம் அம்மா வைத்த நேர்த்திக்கடன் இதுதான்: தம்பி தனித்துப் போகக்கூடாது, பசித்தால் சோறு போடவும் காய்ச்சலில் பக்கத்தில் இருக்கவும் ஓர் ஆள் கிடைக்க வேண்டும், கிடைத்தால் அவன் உயரத்துக்குத் திரி கொளுத்துவேன். கேட்கிற எவருக்கும் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றும். அந்த ஆள் ஞாயிறு தோறும் பூசை முடிந்து மாமாவோடு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அது மட்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கதிரையில் ஏறித் திரியைத் திருப்பிப் போடுகிறவரும் அவர்தான். தன் இடத்துக்கு வேறொருத்தி வரவேண்டுமென்று வாங்கி வைத்த திரியை, வளைந்துபோகாமல் அவரே பக்குவம் பார்த்தார். முறித்துப்போடாதையுங்கோ என்று அம்மா கீழே நின்று புத்தி சொல்லிக்கொண்டிருப்பார்.

மாமாவுக்குக் கோபம் வந்து நான் கண்டதில்லை. எனக்கு அதுவே பெரிய எரிச்சல். ஒவ்வொரு ஆவணித் திருவிழாவுக்கு முன்பும் ஒரே பேச்சுத்தான்.

“அக்கா, நீங்கள் கேட்டதெல்லாம் மாதா எப்பவோ தந்திட்டா. நேர்த்தியைச் செலுத்துங்கோ.”

“கலியாணம் எங்கயடா?”

“நீங்கள் கலியாணமோ கேட்டனீங்கள்? நான் தனிச்சுப் போகக்கூடாதெண்டுதானே கேட்டனீங்கள்.”

அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். மாமா வேறொன்றும் கேட்டவரில்லை. அந்தத் திரி மேலே கிடக்கும்வரை அவருடைய மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற ஆள். அது மடுவுக்குப் போனால் எங்கள் வீட்டு ஆள். அந்த ஒன்றுக்காகத்தான் மனுசன் இத்தனை வருசம் கெஞ்சினார்.

கொழும்பில் நான் வேலை செய்த இடத்தில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். தன்பாலீர்ப்பு, பால்புதுமையினர் என்று மரியாதையான சொற்கள் கிடைத்தன. அதுவரை எனக்குத் தெரிந்தவை, சந்தியில் நிற்கும் பெடியள் மாமாவின் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிக்கும் சொற்கள்தான். வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம் இன்னும் இவர்களைக் குற்றவாளி என்கிறது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். எல்லாவற்றையும் காவிக்கொண்டு ஊருக்கு ஓடிவந்து மாமாவிடம் கொட்டினேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல சொல்லுகள்தான் பிள்ளை. கொம்மாவுக்கு முன்னால மட்டும் சொல்லிப்போடாத. அவ அதுக்கும் ஒரு நேர்த்தி வைப்பா.”

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை பிடிப்பது?

பிறகு மாமாவுக்கு டெங்கு வந்தது. மன்னார் ஆஸ்பத்திரிக்கு அம்மா சூப் கொண்டுபோனபோது, கூட்டாளி மாமாவின் தலையை மார்பில் சாய்த்துக்கொண்டு, ஊதி ஊதிக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாராம். அம்மா சூப்பை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அந்த ஆவணியில், கதிரையில் ஏறிய கூட்டாளியிடம் திரியைத் திருப்ப வேண்டாம், இறக்குங்கோ என்றார்.

மடுவில், கோயில் வாசலுக்குப் போகும் வழியில் எங்கள் ஊர்க் கோயில் பங்குப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த நேர்த்தி அல்லவா? தம்பிக்குச் சரிவந்திட்டுதோ என்று கேட்டார்கள். அம்மா ஓம் என்று தலையாட்டினார். பொம்பிளை எந்த ஊர் என்று அடுத்த கேள்வி வந்தது. மாமா மரங்களைப் பார்த்தார். திரியின் ஒரு முனை கூட்டாளியின் தோளில் இருந்தது.

“ஓலைத்தொடுவாய்,” என்றார் அம்மா. சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அவ்வளவுதான். இத்தனை வருசம் காத்திருந்ததற்கு ஓர் ஊர்ப்பெயர். திரும்பி வரும்போது வாகனத்துக்குள் நான் பொரிந்து தள்ளினேன். மாமாவின் கண் கலங்கியிருந்தது. “ஊர் சரிதானே பிள்ளை,” என்றார். அந்தப் பெண்கள் இன்றைக்கும் கலியாணக் கேக் எங்கே என்று கேட்கிறார்கள்.

இந்த நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தால், அலுமாரிக்கு மேலே புதுத் திரி ஒன்று கிடக்கிறது. என் உயரம். எனக்கு மாப்பிள்ளை கேட்டு, நான் நித்திரை கொள்ளும்போது அம்மா அளந்திருப்பார் போல. மேலே தூக்கி வைத்தவர் யாரென்று கேட்கவே வேண்டியதில்லை. மாமாவின் கூட்டாளி என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொழும்பில் என்னோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவளின் ஊர் முசலி. மாமாவுக்கு மட்டும் தெரியும். பொறுமையாய் இரு பிள்ளை என்கிறார். அவருடைய பொறுமையைப் பார்த்தே எனக்குப் பொறுமை போய்விட்டது. வருகிற ஞாயிறு, சோறு போடுவதற்கு முன், நானே கதிரையில் ஏறி அந்தத் திரியை இறக்கப்போகிறேன். மாப்பிள்ளை எந்த ஊர் என்று யாரும் கேட்கட்டும். ஊரோடு அவளுடைய பெயரையும் சேர்த்தே சொல்வேன்.